அருணனுக்கு ஒரு வண்டி

சூரிய பகவானுடைய ரதத்துக்கு ஒரே ஒரு சக்கரந்தான் என்று புராணங்கள் கூறுகின்றன. அதைச் செலுத்துகிற அருணனுக்கோ தொடைகளே கிடையாது. 'அனூரு' என்று அவனுக்கு ஒரு பெயர் உண்டு. தொடையற்றவன் என்பது அதன் பொருள். தாயாகிய விநதை பொறுமை இழந்து முட்டையைக் காலத்துக்கு முன்னால் உடைத்துவிட்டதனால் நேர்ந்த குறை அது. எனினும், அருணன் ஒரு நாளாவது நேரந் தவறி வந்தான் என்று இதுவரை யாரும் குற்றஞ் சாட்டியதில்லை. ஏழு குதிரைகளையும் கையிலுள்ள கடிவாளங்களைக் கொண்டே அடக்கி ஓட்டுகிறான். இடுப்புக்குக் கீழே வலுவில்லாத ஒருவனிடம் உலகத்தின் மிக முக்கியமான வண்டியை ஒப்படைத்தார்களே, நம் முன்னோர்களின் துணிச்சலை என்னவென்பது! நம்முடைய பஸ்களுக்குப் படி அமைத்தவர்கள் மட்டும் இந்தக் கதையைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.

தர்மபுரி ஜில்லாவில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்கள் நெருங்கி அமைந்தவை அல்ல. நடுவே குன்றும் கரடும், மாந்தோப்பும், மழைக்குக் காத்திருக்கும் கொல்லைகளும் கிடக்கும். பஸ் நிற்கும் இடத்துக்கே இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய குடியிருப்புகள் உண்டு. நன்றாக நடக்கக் கூடியவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் இளம்பிள்ளை வாதத்தினால் சிறு வயதிலேயே கால் சூம்பிப் போனவருக்கு அந்த இரண்டு கிலோமீட்டரே ஒரு சிறைச்சாலையின் மதில். படிப்பு, பிழைப்பு, கல்யாணம், வைத்தியம் எல்லாம் அந்த மதிலுக்கு வெளியே இருக்கின்றன.

இளம்பிள்ளை வாதம் நம் தேசத்தை விட்டுப் போய்விட்டது. 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதம் வங்காளத்தில் ஹௌரா ஜில்லாவைச் சேர்ந்த ஒரு குழந்தைக்குக் கண்டதுதான் கடைசி. 2014-ஆம் வருஷம் மார்ச்சு 27-ந் தேதி இந்தியாவில் இந்நோய் ஒழிந்தது என்று சான்றும் கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் நோய் போனதே தவிர, அது தொட்ட குழந்தைகள் எங்கும் போய்விடவில்லை. அவர்கள் இன்று நாற்பதும் ஐம்பதும் கடந்து, குடும்பத்தைத் தாங்க வேண்டியவர்களாக இருக்கின்றனர். சாலை விபத்திலே தண்டுவடம் முறிந்தவர்களும், மரத்திலிருந்து விழுந்தவர்களும் அவர்களோடு வந்து சேருகின்றனர்.

திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறை கேட்கும் வழக்கம் தமிழ்நாடெங்கும் உண்டல்லவா? அன்று வாசலிலே நிற்கும் வண்டிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஸ்கூட்டர்களில் சில மட்டும் ஸ்டாண்டு போடாமல் தாமாகவே நேராக நிற்கும். பின் சக்கரத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சக்கரம் பொருத்தியிருப்பார்கள். ஊன்றுகோல்கள் பக்கவாட்டில் ஒரு கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும். ஜனங்கள் இதை 'மூன்று சக்கர ஸ்கூட்டர்' என்றே சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் நான்கு சக்கரம் இருக்கும். கணக்குக்காக ஜனங்களோடு சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை. வண்டி நிற்பதும் திரும்பும் விதமும் முச்சக்கர வண்டியினுடையவைதான்.

இந்த வண்டியைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு இந்த ஜில்லாவின் சரித்திரமும் ஒரு காரணம். பாப்பாரப்பட்டி என்னும் ஊரில் சுப்பிரமணிய சிவாவின் நினைவு மண்டபம் இருக்கின்றது. 1884-இல் வத்தலக்குண்டில் பிறந்த அந்த வீரர், 1908-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் சிறை சென்றார். வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய் பற்றியிருந்தது. தொற்று நோய்க்காரர் என்று காரணங் காட்டி ரயிலில் ஏற விடாமல் வெள்ளைக்கார சர்க்கார் அவரைத் தடுத்தது. தேசபக்தரின் பேச்சை நிறுத்துவதற்கு அவருடைய பிரயாணத்தை நிறுத்தினால் போதும் என்று எண்ணினார்கள் போலும்! சிவா கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்தார். 1925-ஆம் வருஷம் ஜூலை 23-ந் தேதி பாப்பாரப்பட்டி ஆசிரமத்தில் உயிர் நீத்தார். ஒரு மனிதனைச் சாலையிலிருந்து விலக்கிவைப்பது அவனைப் பொது வாழ்விலிருந்தே விலக்கிவைப்பதாகும் என்பதை அவருடைய எதிரிகள் நன்றாக அறிந்திருந்தனர்.

நிற்க. ஸ்கூட்டரைக் கொண்டு முச்சக்கர வண்டி செய்வது புதிய யோசனை அல்ல. ஸ்கூட்டருக்கும் முச்சக்கர வண்டிக்கும் உள்ள உறவு ஏறக்குறைய அக்காள் தங்கை உறவு. இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு விழுந்து பாழான இத்தாலி தேசத்துப் பியாஜியோ தொழிற்சாலையில், ஆகாய விமானங்களை வகுத்துப் பழகிய கொராடீனோ தஸ்கானியோ என்பவர் 1946-இல் 'வெஸ்பா' ஸ்கூட்டரை உருவாக்கினார். வெஸ்பா என்றால் குளவி. இரண்டே வருஷங்களில், அதன் முன் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் இரண்டு சக்கரமும் ஒரு பாரப் பெட்டியும் சேர்த்து 'ஆப்பே' என்ற வண்டியைச் செய்தார்கள். ஆப்பே என்றால் தேனீ. ஓட்டுகிறவர் ஸ்கூட்டர் ஆசனத்திலேயே வெயிலில் உட்கார்ந்திருப்பார். இப்படிப் பிறந்த தேனீயின் வம்சந்தான் நம்முடைய ஆட்டோ ரிக்ஷா. 1959-இல் பஜாஜ் கம்பெனியார் பியாஜியோவின் ஒத்துழைப்போடு ஸ்கூட்டரும் முச்சக்கர வண்டியும் செய்யச் சர்க்காரிடம் அனுமதி பெற்றனர். ஆகவே, பழைய ஸ்கூட்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டு மூன்று சக்கரமாக்க முனையும் பட்டறைக்காரர் வினோதமான காரியம் எதுவும் செய்யவில்லை. பெரிய தொழிற்சாலை ஒரு காலத்தில் செய்ததைத் தம் பட்டறை வாசலில் செய்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் காலத்து ஸ்கூட்டர் கால் வழங்காதவருக்கு உதவாது. உதைத்துக் கிளப்ப வேண்டும். பின் பிரேக்கைக் காலால் மிதிக்க வேண்டும். இடது கையால் கிளட்சைப் பிடித்துக் கொண்டு அதே கையைத் திருகி கியர் மாற்ற வேண்டும். 1984-இல் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் வந்தபோதுதான் நிலைமை மாறியது. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும். கியரும் இல்லை, கிளட்ச் பிடியும் இல்லை. இரண்டு பிரேக்குகளும் இரண்டு கைகளில். காலுக்கு ஒரு வேலையும் கிடையாது! சௌகரியப் பிரியர்களுக்காகச் செய்த ஏற்பாடு, கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கூட்டத்துக்குப் பெரிய வரமாக வந்து வாய்த்தது. இன்று இவ்வாறு மாற்றப்படும் வண்டிகள் பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதான்.

இதில் தர்மபுரிக்கு ஒரு தனி உரிமையும் உண்டு. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து உண்டான தர்மபுரி ஜில்லாவில் ஓசூரும் சேர்ந்திருந்தது. 2004-இல்தான் அது கிருஷ்ணகிரி ஜில்லாவுடன் போயிற்று. அந்த ஓசூரில் 1980-இல் இருவர் உட்காரும் டி.வி.எஸ். மொபெட் பிறந்தது. பின்னர் ஸ்கூட்டி வந்தது, 2008-இல் டி.வி.எஸ். கிங் என்ற முச்சக்கர வண்டியும் வந்தது. தினை விதைத்துப் பிழைத்த பூமி ஸ்கூட்டர் விளையும் பூமியாகவும் ஆகிவிட்டது. அத்தனையும் இரண்டு காலும் நன்றாக உள்ளவர்களை மனத்தில் வைத்தே விளைகிறது என்பதுதான் குறை.

இனிப் பட்டறைக்குள் நுழைவோம். இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி எளிது. ஸ்கூட்டரைப் பிரிக்காமல், பின்புறத்துச் சட்டத்தில் இரும்புக் குழாயால் ஒரு குறுக்கு அச்சைப் பூட்டி, அதன் இரு முனைகளிலும் சக்கரங்களை மாட்டுவது. எஞ்சினின் பலம் பழையபடி நடுச் சக்கரத்துக்கே போகிறது. இதைச் 'சைடு வீல்' என்பார்கள். சர்க்கார் இனாமாக அளிக்கும் ஸ்கூட்டர்களும் இந்த ரகந்தான்.

எளிது என்று சொன்னேனே தவிர, இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பக்கச் சக்கரங்களை ஸ்பிரிங் இல்லாமல் விறைப்பாகப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? கிராமத்து மண் சாலையிலே நடுவில் பள்ளமும் இரு ஓரமும் மேடுமாக ஓர் இடம் வருகிறது. பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் ஏறி நின்றுகொள்கின்றன. நடுச் சக்கரம் அந்தரத்தில் தொங்கியபடி சுற்றுகிறது. வண்டி நகராது. இறங்கித் தள்ளுங்கள் என்று யாரிடம் சொல்வது? ஆகவே நல்ல பட்டறைக்காரர் பக்கச் சக்கரம் ஒவ்வொன்றையும் தனித்தனி ஸ்பிரிங்கில் நிறுத்துவார். பாரத்தின் பெரும் பங்கு நடுச் சக்கரத்தின் மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வார். ஓட்டப் போகிறவரை உட்கார வைத்து, அவருடைய எடைக்கு ஏற்றவாறு ஸ்பிரிங்கைத் திருத்துவார். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்மணிக்கும் எண்பது கிலோ எடையுள்ள கடைக்காரருக்கும் ஒரே ஸ்பிரிங் எப்படிச் சரிப்படும்?

இரண்டாவது வழி துணிச்சலானது. நடுச் சக்கரத்தை எடுத்துவிட்டு, உண்மையிலேயே மூன்று சக்கர வண்டியாகச் செய்வது. இந்தக் கால ஸ்கூட்டரில் எஞ்சினும் பின் சக்கரமும் ஒரே உடம்பு. முன்பக்கத்திலே கீல் போட்டுத் தொங்கவிட்டிருப்பதால் அந்த உடம்பு முழுவதும் மேலும் கீழும் அசையும். சக்கரம் இருந்த இடத்தில் பல் சக்கரத்தைப் பூட்டி, செயின் மூலம் பின்னால் உள்ள அச்சைச் சுற்ற வைக்க வேண்டும். எஞ்சின் அசைய அசையச் செயின் தளர்ந்தும் இறுகியும் போகும். ஆகையால் எஞ்சினை அசையாமல் கட்டிவிட்டு, அச்சுக்குத் தனி ஸ்பிரிங் அமைக்கிறார்கள். சரி, இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கிவிடலாமா? விடலாம், ஆனால் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்புறச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். ஒரே அச்சில் இறுகியிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். ஒரு பக்கத்துச் சக்கரத்தை மட்டும் ஓட்டினால், வண்டி எப்போதும் ஒரு பக்கமாக இழுக்கும். சரியான பரிகாரம், பழைய ஆட்டோ ரிக்ஷாவிலிருந்து டிபரன்ஷியலை எடுத்துப் பொருத்துவதுதான்.

பின்னோக்கிப் போகும் கியர் என்பது இன்னொரு விஷயம். இரு சக்கர ஸ்கூட்டருக்கு அது கிடையாது. காலால் தரையை உந்திப் பின்னுக்கு எடுத்துக் கொள்கிறோம். கால் வழங்காதவர் என்ன செய்வார்? கோயில் வாசலில் சுவர் ஓரமாக நிறுத்திவிட்டால், போகிற வருகிறவர்களைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் பின்னாலே இழுத்து விடுங்க" என்று கேட்க வேண்டியிருக்கிறது. தம் சம்பாத்தியத்தில் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒருவர், தினம் நாலு முறை இப்படிக் கேட்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் கேட்டுப் பார்க்கட்டும்.

முச்சக்கர வண்டியின் பெரிய ஆபத்து கவிழ்வது. இரு சக்கர வண்டி வளைவிலே தானும் சாய்ந்து கொடுக்கும். முச்சக்கர வண்டி சாயாது, விறைத்துக்கொண்டே திரும்பும். முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டி, பலகை ஒன்றை மூன்று ஆணிகளின் மேல் வைத்தது போன்றது. முன் ஆணிக்கும் பின் ஆணிக்கும் இடையே இழுத்த கோட்டைப் பாரத்தின் மையம் தாண்டினால் பலகை சரியும். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பின் சக்கரங்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர். முன் சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் 130 சென்டிமீட்டர். ஓட்டுகிறவரையும் சேர்த்த பாரத்தின் மையம் முன் சக்கரத்திலிருந்து 80 சென்டிமீட்டர் பின்னால், தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகம் வந்ததும் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் என்று கணக்குச் சொல்கிறது. அதே அகலமும் உயரமும் உள்ள நான்கு சக்கர வண்டியானால் 36 கிலோமீட்டர் வரையில் தாங்கும்.

இந்தக் கணக்கிலேதான் பட்டறைக்காரரின் கெட்டிக்காரத்தனத்துக்கு இடம் இருக்கிறது. ஆசனத்தைச் சௌகரியத்துக்காக உயர்த்தி மையத்தை 10 சென்டிமீட்டர் மேலே கொண்டுபோனால், 28 என்பது 26 ஆகிவிடும். பாரத்தை 20 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் ஏறக்குறைய 32 வரை போகலாம். பின் சக்கரங்களை 110 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரித்தால் 31. ஆனால் பாரத்தை மிகவும் பின்னுக்குத் தள்ளினால் மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் தரையில் பதியாது. மிகவும் அகலப்படுத்தினால் தோட்டத்துப் படலுக்குள் நுழையாது. ஒவ்வொன்றும் ஒன்றை வாங்கி ஒன்றைக் கொடுக்கும் வியாபாரம். இதைக் கண்ணளவிலேயே சரியாகச் செய்யக் கூடிய கைகள் நம் பட்டறைகளில் இருக்கின்றன. கண்ணளவோடு ஒரு டேப்பும் தராசும் சேர்ந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர்க் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 44-ஆம் எண் தேசியப் பெருஞ்சாலையில் விபத்துக்குப் பேர்போன இறக்கம் அது. கியர் உள்ள வண்டியை இரண்டாவது கியரில் போட்டு, எஞ்சினாலேயே தாங்கி இறக்கலாம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்த வித்தை பலிக்காது. வேகம் குறைந்ததும் கிளட்ச் தானே விலகிவிடும். எஞ்சினின் பிடிப்பும் அதோடு போயிற்று. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில். பக்கச் சக்கரங்களும் அச்சும் சேர்ந்து வண்டியின் எடையைக் கூட்டியிருக்கின்றன. பிரேக்கோ பழைய ஸ்கூட்டருக்கு என்று செய்த பிரேக்குதான். பக்கச் சக்கரங்களில் பிரேக்கே இல்லாத வண்டிகளும் ஓடுகின்றன. மலை ஜில்லாவில் ஓடும் வண்டிக்கு எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். செலவு கூடும் என்பார்கள். கூடட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தொழிற்சாலையிலிருந்து வந்த உருவத்துக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்தித் தீர்ப்பளித்தது. அந்த வருஷமே நிறைவேறிய திருத்தச் சட்டம், அனுமதியின்றி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரையில் சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது. ஒலிக்குழாயை மாற்றி ஊரை எழுப்பும் வாலிபர்களுக்கு இது வேண்டியதுதான்.

ஆனால் அதே திருத்தம் இன்னொரு கதவைத் திறந்து வைத்திருப்பது பலருக்குத் தெரியாது. உடற்குறை உள்ளவர் தம் உபயோகத்துக்காகச் சொந்த வண்டியை மாற்றி அமைத்துக்கொண்டு, பிறகு பதிவு அதிகாரியின் அங்கீகாரத்தைப் பெறலாம். விதித்த நிபந்தனைகளுக்கு அது உட்பட்டிருக்க வேண்டும். பழைய சட்டத்தில் இருந்த 'இன்வாலிட் காரியேஜ்' என்ற பெயரையும் எடுத்துவிட்டு, 'மாற்றியமைத்த வாகனம்' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். நல்ல காரியம். அந்த ஆங்கிலச் சொல்லை எப்படி உச்சரித்தாலும் 'செல்லாத' என்ற அர்த்தமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. செல்லாதவருக்கு எதற்கு வண்டி?

கதவு திறந்திருந்தும் அதன் வழியாகப் போகிறவர்கள் குறைவு என்றால், காரணம் ஊகிக்கக் கூடியதே. அங்கீகாரம் பெற ஆபீஸுக்குப் போக வேண்டும். போவதற்கு வண்டி வேண்டும்! பதிவுப் புத்தகத்தில் மாற்றத்தை எழுதிக்கொள்ளாமல் ஓட்டினால், விபத்து நேர்ந்தபோது இன்ஷூரன்ஸ் கம்பெனியுடன் வழக்காட வேண்டி வரும். மாதத்துக்கு ஒரு நாள் மோட்டார் வாகன அதிகாரியே தாலுகா ஊர்களுக்கு வந்து, இப்படிப்பட்ட வண்டிகளைத் தராசில் நிறுத்து, பிரேக்கைச் சோதித்து, அங்கேயே புத்தகத்தில் பதிந்து கொடுத்தால் என்ன? பட்டறைக்காரருக்கும் எது தவறு என்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பாகும்.

வண்டியைச் சர்க்காரே செய்து இனாமாகக் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். பெர்ட் க்ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயருக்கு நடக்க முடியாத உறவினர் ஒருவர் இருந்தார். அவருடைய நாற்காலியில் க்ரீவ்ஸ், புல் வெட்டும் யந்திரத்தின் எஞ்சினைப் பூட்டிப் பார்த்தார் என்று சொல்வார்கள். அதிலிருந்து 'இன்வாகார்' என்ற முச்சக்கர வண்டித் தொழில் பிறந்தது. யுத்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் சர்க்கார் உடற்குறை உள்ளவர்களுக்கு இவ்வகை வண்டிகளை இலவசமாக வழங்கிற்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே நீல நிறம், ஒரே ஓர் ஆசனம். பக்கத்தில் யாரையும் ஏற்றிக்கொள்ளக் கூடாது. தாயார் ஓட்டினால் குழந்தை பஸ்ஸில் வர வேண்டும்! காற்றடித்தால் ஆடுகிறது, எளிதில் கவிழ்கிறது, தீப்பிடிக்கிறது என்ற புகார்கள் பெருகின. எழுபதுகளில் வண்டிக்குப் பதிலாகப் பணம் கொடுத்து, அவரவருக்கு ஏற்றதை அவரவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் திட்டம் வந்தது. மிச்சமிருந்த நீல வண்டிகளும் 2003-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தோடு சாலையிலிருந்து விலக்கப்பட்டன.

தமிழ்நாட்டு சர்க்கார், இரு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நன்றாக இருப்பவர்களில் படிக்கிறவர்களுக்கும் தொழில் செய்கிறவர்களுக்கும் பக்கச் சக்கர ஸ்கூட்டரை விலையின்றி அளிக்கிறது. இதைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. இதனால் வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள் ஏராளம். பின் ஆசனத்தில் மனைவியையோ மகளையோ ஏற்றிக்கொண்டு கம்பீரமாகப் போகிறவர்களைப் பார்க்கும்போது, இங்கிலாந்து செய்யாத நன்மையை நாம் செய்துவிட்டோம் என்று மகிழ்ச்சி உண்டாகிறது. ஆனால் சட்டை தைக்கக் கொடுத்தால்கூடத் தையற்காரர் உடம்பை அளக்கிறார். முதுகெலும்பு வளைந்தவருக்குச் சாய்மானம் வேண்டும். ஒரு கால் மடங்காதவருக்குக் கால்பலகை நீள வேண்டும். ஒரு கையில் பலம் குறைந்தவருக்கு இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியில் இணைக்க வேண்டும். வண்டியோடு கூட, அதை உடம்புக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள உள்ளூர்ப் பட்டறைக்கு ஒரு சீட்டும் அதற்கான தொகையும் கொடுக்கலாகாதா? வெல்டிங் விட்டுப்போனால் யாரிடம் போவது என்ற கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

உடம்பை அளந்து வண்டி செய்யும் வித்தைக்கு நம் ராஜ்யத்திலேயே முன்மாதிரி இருக்கின்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா ஸ்ரீநிவாசனுடைய ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து கிளம்பிய நியோமோஷன் என்ற நிறுவனம், உட்காருகிறவரின் அளவுக்கு ஏற்பப் பதினெட்டு விதங்களில் திருத்தக் கூடிய சக்கர நாற்காலியைச் செய்திருக்கிறது. அதன் முன்னால் மோட்டார் பூட்டிய ஒற்றைச் சக்கரத்தை மாட்டினால் நாற்காலியே முச்சக்கர வண்டியாகிவிடும். 2021-இல் வெளிவந்த அந்த வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் போகும்; ஒரு தடவை மின்சாரம் ஏற்றினால் 25 கிலோமீட்டர் தூரம் ஓடும். ஸ்கூட்டரில் ஏறுவதற்கு நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். இதில் இறங்கவே வேண்டியதில்லை. பட்டணத்து வீதிக்கு இது மிகவும் ஏற்றது. பென்னாகரத்திலிருந்து தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால், இன்னும் ஸ்கூட்டர்தான் கதி.

மனித உடம்பை அளந்து செய்யும் வண்டிகளில் மிகப் பழைய ஒன்றும் மூன்று சக்கர வண்டிதான் என்பது ருசிகரமான செய்தி. ஜெர்மனியில் நூரம்பெர்க் நகரத்தை அடுத்து வாழ்ந்த ஸ்டெபான் பார்ப்ளர் என்னும் கடிகாரத் தொழிலாளி, கால்கள் முடங்கியவர். 1655-இல், தமது இருபத்திரண்டாவது வயதில், கையால் சுற்றி ஓட்டும் முச்சக்கர வண்டியொன்றைத் தமக்காகத் தாமே செய்துகொண்டார். கடிகாரத்தின் பல் சக்கரங்களை அறிந்தவருக்கு வண்டியின் பல் சக்கரம் ஒரு கஷ்டமா?

இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் வந்து பட்டறைக்காரரின் பழைய கணக்குகளைக் கலைத்துப் போட்டிருக்கின்றன. பழைய தர்மபுரி ஜில்லாவின் எல்லைக்குள்ளேயே, ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் அவை தயாராகின்றன. 2020-இல் வந்த டி.வி.எஸ். ஐகியூப் வண்டியில் மோட்டார் பின் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை. இப்படிப்பட்ட மோட்டார் சக்கரங்கள் இரண்டைப் பின்னால் வைத்தால் டிபரன்ஷியலுக்கு அவசியமே இராது. எந்தச் சக்கரம் எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதைக் கம்பி வழியே கட்டளையிடலாம். பாட்டரியின் கனம் கால்பலகைக்கு அடியில் போய்விடும் வண்டிகளில் பாரத்தின் மையமும் தாழ்கிறது. கவிழும் வேகம் உயர்கிறது. இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து நிறுத்தி, அந்தச் சக்தியைப் பாட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும்படியும் செய்ய முடியும். மின்சார வேலை தெரியாத பட்டறைக்காரர் இதற்காகப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும், ஐ.டி.ஐ. பள்ளிகள் மாலை நேரத்தில் கற்றுக் கொடுக்கலாம். பின்னுக்குப் போவதற்கும் இந்த ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஒரு பொத்தான் இருக்கிறது. கோயில் சுவர் ஓரமாக நிறுத்திய வண்டியை யாரையும் கூப்பிடாமல் எடுத்துக்கொண்டு போகலாம்.